பச்சை விளக்கு எரியாவிட்டால்: சிறிய விமானங்களின் லேண்டிங் கியர் கோளாறுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறங்கப் போகிறீர்கள். சக்கரங்களை, அதாவது கியரை, இறக்கும் சுவிட்சைக் கீழே தள்ளியாயிற்று. பைப்பர் ஆரோ மாதிரி, சக்கரம் மடங்கும் சிறிய விமானத்தில் ஏழு நொடிக்குள் மூன்று பச்சை விளக்கும் எரிந்துவிட வேண்டும்; ஒவ்வொன்றும் ஒரு சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்பதற்கு அடையாளம். பத்து நொடி ஆகியும் இரண்டுதான் எரிகிறது. இனி என்ன செய்வது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க முடியாது. தரையில் இருக்கும்போதே யோசித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகி வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஆரோவை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவில் மடங்கும் சக்கரத்தைப் பழகுகிற பலருக்கும் அதுதான் முதல் விமானம். செஸ்னா 172 ஆர்.ஜி. (172இன் மடங்கும் சக்கர வகை), பீச்கிராஃப்ட் பொனான்ஸா என்று அமைப்பு மாறும் இடங்களையும் தொட்டுக்கொண்டு போகிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நான் சொல்லும் வேகமும் எண்ணும் உங்கள் விமானத்தின் கையேட்டோடு முரண்பட்டால், கையேட்டில் இருப்பதுதான் செல்லும்.

முதலில் இரண்டு விபத்துகள்

இரண்டுமே பெரிய விமானங்கள். ஆனால் நான்கு பேர் உட்காரும் விமானத்தை ஓட்டுகிறவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமியில் இறங்கும்போது மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, விமானி அறையில் இருந்தவர்கள் அனைவரும் அந்த விளக்கிலேயே கவனமாக இருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பதை விட்டதும் விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததும் யார் கண்ணிலும் படவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். சக்கரம் ஒழுங்காக இறங்கிப் பூட்டியிருந்தது. பல்பு எரிந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

1978 டிசம்பர் 28. போர்ட்லாந்துக்கு வந்த யுனைடெட் 173 விமானத்தில் கியரை இறக்கும்போது பெரிய சத்தம், பிறகு ஒரு விளக்கு எரியவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே சோதித்தார்கள். எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதையை எட்டுமுன் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அங்கேயும் சக்கரம் கீழேதான் இருந்தது.

சிறிய விமானம் சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறங்கினால், ஒழுங்காகச் செய்தால், உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் கீறல்கூட இல்லாமல் நடந்து வெளியே வருகிறார்கள். கியர் கோளாறில் உயிருக்கு ஆபத்து வருவது விமானத்தை ஓட்ட மறப்பதாலும் எரிபொருளைப் பார்க்க மறப்பதாலும்தான். கீழே வரும் படிகளின் வரிசையே இதை வைத்து அமைந்தது.

தரையில் பார்க்க வேண்டியவை

கியர் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். குனிந்து பார்க்கிறவருக்கு மட்டும்.

சிமெண்டுத் தரையில் சிவப்பு எண்ணெய்த் துளி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய விமானங்களின் ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுதாங்கிக் கால்), பிரேக், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் கியரை இயக்கும் அமைப்பு) மூன்றிலும் வழக்கமாக ஓடுவது 5606 என்ற சிவப்பு நிறக் கனிம எண்ணெய். மூக்கு ஸ்ட்ரட்டின் அடியில் என்றால் அதன் ஓ-ரிங் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் வழிந்தால் பிரேக். ஆரோவில் வயிற்றுக்கு அடியில், பின்பக்கமாக வழிந்தால் ஹைட்ராலிக் பம்பையோ அதன் குழாயையோ சந்தேகப்படுங்கள். அவசரத்துக்குக் காரின் பிரேக் எண்ணெயை ஊற்றி நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வேறு வகை. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும், மொத்த பிரேக்கையும் கழற்ற வேண்டிவரும்.

அடுத்தது ஸ்ட்ரட்டின் உயரம். பளபளக்கும் குரோம் தண்டு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். அளந்து ஒரு முறை மனதில் வைத்துக்கொண்டால் அப்புறம் விரல்களை வைத்தே பார்த்துவிடலாம். இறக்கையைப் பிடித்து அமுக்கி விடுங்கள். மெல்ல எழுந்து அதே இடத்துக்கு வர வேண்டும். அப்படியே அமுங்கிக் கிடந்தால் காற்றும் எண்ணெயும் குறைந்திருக்கிறது. ஆரோவில் இது வெறும் சொகுசு விஷயமில்லை. இடது பிரதான காலில் (இறக்கைக்கு அடியில் உள்ள கால்) ஒரு ஸ்குவாட் சுவிட்ச் இருக்கிறது. ஸ்ட்ரட் நீண்டால்தான் விமானம் பறக்கிறது என்று அதற்குத் தெரியும். ஸ்ட்ரட் நீளாமல் ஒட்டிக்கொண்டால் பறந்த பிறகும் கியர் மடங்காது. ஸ்ட்ரட்டில் காற்று அதிகமாகி, மேடுபள்ளத்தில் குலுங்கினால் தரையிலேயே சுவிட்ச் ஏமாறக்கூடும். அதனால் அந்தச் சுவிட்சை நம்பி, தரையில் கியர் கைப்பிடியை விளையாட்டுக்குக்கூட மேலே தூக்காதீர்கள்.

குரோம் தண்டைத் துடைப்பது யாரும் பெரிதாக நினைக்காத வேலை. சுத்தமான துணியில் அதே 5606 எண்ணெயைக் கொஞ்சம் நனைத்து, தண்டில் ஒட்டிய புழுதியையும் பூச்சியையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் புழுதி உப்புத்தாள் போல ஓ-ரிங்கைத் தேய்க்கும். இரண்டு நிமிட வேலை, வருடக்கணக்கில் சீல் தாங்கும்.

டயரில் காற்று, வெடிப்பு, நூல் தெரிகிறதா என்பதெல்லாம் தெரிந்ததுதான். அதோடு ரிம்மையும் டயரையும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு போட்டிருந்தால் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் டயர் ரிம்மில் நழுவியிருக்கிறது. உள்ளே டியூபின் வால்வு கிழிந்துகொண்டிருக்கலாம். கிளீவ்லாந்து பிரேக்கில் லைனிங் 0.100 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் தன் விமானத்தின் டயரை மாற்றுவது, சக்கர பேரிங்கைக் கழுவி கிரீஸ் போடுவது, ஸ்ட்ரட்டில் எண்ணெயோ காற்றோ நிரப்புவது இவற்றை உரிமம் உள்ள விமானியான சொந்தக்காரரே செய்யலாம், லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நாடுகளில் இந்தச் சலுகை அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். எங்கே செய்தாலும், ஸ்ட்ரட்டின் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் அதன் வால்வைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் அதைத் துப்பாக்கிக் குண்டு போல வெளியே தள்ளும்.

மடங்காத சக்கரத்துக்கும் நோய் உண்டு

செஸ்னா 172இல் சக்கரம் மடங்காது, அதனால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு முறை ஷிம்மியில் மாட்டியிருக்க மாட்டார்கள். இறங்கி ஓடும்போது மூக்குச் சக்கரம் கடைத்தெருத் தள்ளுவண்டியின் சக்கரம் போல இடம் வலம் படபடவென்று ஆடும். முன்பலகையே கழன்று விழுவது போல அதிரும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள், மிதித்தால் இன்னும் பாரம் மூக்குக்குப் போகும். யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) பின்னால் இழுத்து மூக்கின் பாரத்தைக் குறையுங்கள், வேகம் தானாகக் குறையட்டும்.

காரணம் தேடும்போது எல்லாரும் நேராக ஷிம்மி டேம்பரைக் (அந்த ஆட்டத்தை அடக்கும் பாகம்) கழற்றுகிறார்கள். அதற்கு முன் டயரின் காற்றையும் சக்கரத்தின் சமநிலையையும் பாருங்கள். பிறகு ஸ்ட்ரட்டின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் கத்தரி போன்ற டார்க் லிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் போல்ட்டும் புஷ்ஷும் தேய்ந்து லூசாக இருந்தால் டேம்பரைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. மூக்கு முதலில் படும்படி வேகமாக இறங்கும் பழக்கம் இருந்தால் அதுவும் ஒரு காரணம்.

மேலே ஏறும்போது வரும் சந்தேகங்கள்

கியரை மடக்கினீர்கள், ஒரு விளக்கு அணையவில்லை அல்லது சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால், அப்படியே விமான நிலையத்தை விட்டுத் தூரம் போகாதீர்கள். மடங்காத கியர் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இறக்கிப் பாருங்கள். மூன்று பச்சை வந்தால் மறுபடி மடக்கிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, திரும்பி வந்து இறங்கிவிடுங்கள். இப்போது கீழே இருக்கிற கியர் மேலே போனால் திரும்பக் கீழே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆரோவில் கியரை மேலே தாங்கிக்கொண்டிருப்பது ஹைட்ராலிக் அழுத்தம்தான், கொக்கி எதுவும் கிடையாது. அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடி ஏற்றிவிடும். சமமாகப் பறக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒரு முறை பின்னாலிருந்து உறுமல் கேட்டு, அம்மீட்டர் முள் துள்ளினால் எங்கோ உள்கசிவு இருக்கிறது. அன்றைய பயணத்துக்கு அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் இறங்கியதும் மெக்கானிக்கிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை பம்பின் மோட்டார் சூடாகி பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழும்.

பச்சை வரவில்லை: படிப்படியாக

முதல் வேலை, விமானத்தை ஓட்டுவது. இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் வட்டத்தில் இருந்தபடியே எதையும் சோதிக்க வேண்டாம். பவர் கொடுத்து, வட்டத்தை விட்டு வெளியேறி, மற்ற விமானங்கள் இல்லாத பக்கமாக இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்துக்குப் போங்கள். டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: கியர் பிரச்சினை, நேரம் வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது? இத்தனை மணிக்கு, கியர் எப்படி இருந்தாலும் இறங்கிவிடுவேன் என்று ஒரு நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். போர்ட்லாந்து விமானத்தில் இப்படி ஒரு நேரம் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பத்துப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பக்கத்தில் யாராவது இருந்தால் கையேட்டைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விமானத்தை மட்டும் பாருங்கள்.

இப்போது விளக்கைச் சந்தேகப்படுங்கள். ஆரோவில் இன்ஸ்ட்ருமென்ட் விளக்கின் சுவிட்ச் போட்டிருந்தால் கியர் விளக்குகள் இரவுக்கு ஏற்றபடி மங்கிவிடும். பட்டப்பகலில் அந்த மங்கல் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. மூன்றுமே எரியவில்லை என்றால் முதலில் இந்தச் சுவிட்சை அணையுங்கள். எத்தனையோ பேரின் அவசர நிலை இந்த ஒரு சுவிட்சில் முடிந்திருக்கிறது. ஒன்று மட்டும் எரியவில்லையா? எரிகிற பல்பைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். பல்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் மடியில் பல்பை உருட்டிக்கொண்டு உயரத்தை மறந்துவிடாதீர்கள்.

மாஸ்டர் சுவிட்ச் போட்டிருக்கிறதா, பிரேக்கர் ஏதும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் கொஞ்சம் ஆறவிட்டு ஒரே ஒரு முறை அமுக்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். அங்கே ஒயர் சூடாகிறது. காற்றில் நெருப்பு கியரைவிடப் பெரிய பிரச்சினை. ஆல்டர்னேட்டர் நின்று பேட்டரியும் தீர்ந்திருந்தால் பம்பும் ஓடாது, விளக்கும் எரியாது.

இதெல்லாம் சரி, இன்னும் பச்சை வரவில்லை. ஆரோவில் வேகத்தை மணிக்கு 87 கடல்மைலுக்கு (87 நாட்) கீழே கொண்டுவாருங்கள். மூக்குச் சக்கரம் பின்பக்கமாக மடங்குகிற அமைப்பு, இறங்கும்போது எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர வேண்டும். வேகம் குறையக் குறைய அதற்குச் சுலபம். கியர் சுவிட்ச் கீழே இருக்கட்டும். இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் அவசர லீவரைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். ஹைட்ராலிக் அழுத்தம் வெளியேறும், மூன்று கால்களும் தம் எடையாலேயே விழும், ஸ்பிரிங் உதவியோடு பூட்டிக்கொள்ளும். எண்ணெய் முழுதும் கசிந்து போயிருந்தாலும் கியர் இறங்கும் என்பதுதான் இந்த அமைப்பின் அழகு. அப்படியும் ஒரு கால் பூட்டவில்லை என்றால், ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தட்டு) பெடலை மிதித்து விமானத்தை வெடுக்கென்று இடமும் வலமும் திருப்புங்கள். பக்கவாட்டு விசை காலைத் தள்ளிப் பூட்டில் விழவைக்கும். கையேடே இதைச் சொல்கிறது.

செஸ்னா 172 ஆர்.ஜி.யில் நிலைமை வேறு. அங்கே கியரை இறக்கவே ஹைட்ராலிக் அழுத்தம் வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பம்பு உண்டு, சுமார் 35 முறை அடித்தால் கை இறுகும், கியர் இறங்கியிருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் கைப்பம்பால் எதுவும் ஆகாது. அதனால் ஆர்.ஜி. ஓட்டுகிறவர்கள் எண்ணெய் அளவைப் பார்ப்பதில் என்னைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். மேல் இறக்கை விமானம் என்பதால் பிரதான சக்கரங்களை ஜன்னல் வழியே பார்த்துவிடலாம் என்பது ஒரு ஆறுதல். பொனான்ஸாவில் மின்மோட்டார். கியர் மோட்டாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கைச்சுழற்றியை இடப்பக்கமாகச் சுமார் 50 சுற்று சுற்ற வேண்டும். கையைப் பின்னால் வளைத்துக்கொண்டு ஐம்பது சுற்று என்பது எண்ணிப் பார்க்கிறபோது தெரிகிற அளவுக்குச் சுலபமில்லை. ஒரு நல்ல நாளில், பயிற்சியாளரோடு, கையேட்டில் உள்ளபடி செய்து பார்த்துவிடுங்கள்.

டவருக்குப் பக்கமாகத் தாழப் பறந்து பார்க்கச் சொல்லலாம். ஆனால் அவர்களால் கால் கீழே தொங்குகிறது என்றுதான் சொல்ல முடியும். பூட்டியிருக்கிறதா என்பது கீழேயிருந்து தெரியாது.

இறக்கியே ஆக வேண்டும் என்றால்

நீளமான, அகலமான ஓடுபாதையும் தீயணைப்பு வண்டியும் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். புல்வெளி மெத்தென்று இருக்கும் என்று தோன்றும். ஈர மண்ணில் விமானம் குத்திக்கொள்ளும், தார்ப்பாதையில் வழுக்கிக்கொண்டே போய் நிற்கும். எனக்குத் தார்தான் வேண்டும். ஓடுபாதையில் நுரை பரப்பி வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூக்குக் கால் மட்டும் பூட்டவில்லையென்றால், பிரதான சக்கரங்களில் இறங்கி, யோக்கைப் பின்னால் பிடித்து முடிந்தவரை மூக்கைத் தாங்குங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். ஒரு பிரதான கால் மட்டும் இறங்கவில்லையென்றால், மடக்க முடியுமானால் எல்லாவற்றையும் மடக்கிவிட்டு வயிற்றால் இறங்குவது மேல் என்பது என் கருத்து. உங்கள் கையேடு வேறு சொன்னால் அதைச் செய்யுங்கள். மடக்கவும் முடியாவிட்டால் நல்ல கால் உள்ள பக்கத்தில் இறங்கி, எய்லரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தட்டு) மறுபக்கத்து இறக்கையை வேகம் தீரும்வரை தாங்குங்கள். இறக்கை விழுந்ததும் அந்தப் பக்கமாகவே விமானம் இழுக்கும். அதற்கு இடம்விட்டு ஓடுபாதையின் எதிர்ப்பக்கத்தில் இறங்குவது நல்லது.

ஆரோவில் வயிற்றால் இறங்கும்போது ஃபிளாப்பை (மெதுவாக இறங்க இறக்கையின் பின்னால் கீழே நீளும் தட்டு) போடச் சொல்வதில்லை. கீழ் இறக்கை என்பதால் ஃபிளாப்தான் முதலில் உரசும். வழக்கமான வேகத்தில் பவரோடு வாருங்கள். தொடுவதற்குச் சற்று முன்னால் திராட்டிலை மூடி, மாஸ்டர், இக்னிஷன், எரிபொருள் மூன்றையும் அணைத்து, எவ்வளவு மெதுவாகத் தொட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொடுங்கள். பெல்ட்டை இறுக்குங்கள், பின்னால் கிடக்கும் பையையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டி வையுங்கள். ஆரோவில் ஆட்கள் ஏறி இறங்க ஒரே கதவு, வலப்பக்கம். யார் முதலில் வெளியேறுவது என்று காற்றிலேயே பேசிவிடுங்கள்.

புரொப்பெல்லரைக் காப்பாற்றலாம் என்று தூரத்திலேயே எஞ்சினை அணைத்து, ஸ்டார்ட்டரால் இறகைக் கிடைமட்டமாக நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தால் எந்தப் புரொப்பெல்லரும் ஈடாகாது.

மறந்துபோவது

கியர் கெட்டுப்போகாமலே வயிற்றால் இறங்குபவர்களும் ஏராளம். சுவிட்சைத் தொடவே மறந்துவிடுகிறார்கள். இறங்கும் நேரத்தில் டவர் ஏதாவது கேட்கும், இன்னொரு விமானத்தைத் தேடச் சொல்லும், வழக்கமான வரிசை கலையும், கியர் விட்டுப்போகும். எச்சரிக்கை ஒலி கத்தினாலும் காது கேட்காது. அமெரிக்க விமானிகள் கம்ப்ஸ் (GUMPS) என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சோதனை: எரிபொருள், கியர், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை), புரொப்பெல்லர், சீட் பெல்ட். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது ஒரு முறை, கடைசித் திருப்பத்தில் ஒரு முறை, ஓடுபாதை நேராகத் தெரியும்போது ஒரு முறை என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்குகளை விரலால் தொடுங்கள்.

இறங்கிய பிறகு செய்யும் தவறு வேறு: ஃபிளாப்பை மடக்கப் போய்க் கியரை மடக்கிவிடுவது. இது இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்தே உள்ள பிரச்சினை. ஒரே மாதிரி இருந்த இரண்டு கைப்பிடிகளை விமானிகள் மாற்றி இழுப்பதைக் கண்டு, கியர் கைப்பிடியில் சின்னச் சக்கரத்தையும் ஃபிளாப் கைப்பிடியில் இறக்கை வடிவ ஆப்பையும் பொருத்தச் சொன்னவர் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர். இன்று உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் அந்தச் சின்னச் சக்கரம் அப்படி வந்ததுதான். பழைய பீச்கிராஃப்ட் விமானங்களில் கியரும் ஃபிளாப்பும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடத்தில் இருந்ததால் தவறுகள் தொடர்ந்தன. 1980இல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஓடுபாதையை விட்டு வெளியேறி, நின்று, அப்புறம் ஃபிளாப்பைத் தொடுங்கள்.

மறந்து இறங்கி, தரையில் உரசும் சத்தம் கேட்டுவிட்டதா? மேலே போகாதீர்கள். 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் விமானம் 8303 கியர் இல்லாமல் ஓடுபாதையில் உரசிவிட்டு மீண்டும் எழும்பியது. இரண்டு எஞ்சினும் சில நிமிடங்களில் நின்று குடியிருப்பில் விழுந்தது; விமானத்தில் இருந்த 99 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். புரொப்பெல்லர் ஒரு முறை தரையைத் தொட்டுவிட்டால் அந்த எஞ்சின் அடுத்த நிமிடம் ஓடும் என்று நம்ப முடியாது. உரசிக்கொண்டே போய் நில்லுங்கள்.

இறங்கிய பிறகு

அவசர லீவரால் இறக்கி நன்றாக இறங்கிவிட்டீர்கள் என்றாலும், சந்தேகம் இருந்தால் டாக்ஸி செய்யாமல் (தரையில் ஓட்டிச் செல்லாமல்) ஓடுபாதையிலேயே நின்று எஞ்சினை அணையுங்கள். கியர் சுவிட்சைத் தொடாதீர்கள், வேறு யாரையும் தொடவிடாதீர்கள். பம்பின் பிரேக்கரை இழுத்து வைப்பது இன்னும் நல்லது. வயிற்றால் இறங்கியிருந்தால், விமானத்தை அசைப்பதற்கு முன் நாலா பக்கமும் படம் எடுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி புரொப்பெல்லர், கியர், சக்கரம், ஃபிளாப் இவற்றுக்கு மட்டும் வந்த சேதம் பெரிய சேதக் கணக்கில் வராது. விபத்தென்று அறிவிக்க வேண்டுமா என்பது உடலின் சட்டகத்துக்கு அடிபட்டதா, யாருக்காவது பலத்த காயமா என்பதைப் பொறுத்தது. லைக்கமிங் எஞ்சினில் புரொப்பெல்லர் அடிபட்டால், கிராங்க் ஷாஃப்ட் கியரையும் அதன் போல்ட்டையும் திறந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2004இல் கட்டாயமாக்கியிருக்கிறது. புது இறகை மாட்டிக்கொண்டு பறந்துவிட முடியாது.

மெக்கானிக் வருவதற்குள், நினைவு கலையும் முன்பே, உட்கார்ந்து எழுதுங்கள். எந்த வேகத்தில் கியரைத் தள்ளினீர்கள், பம்ப் ஓடும் சத்தம் கேட்டதா, எத்தனை நொடி, எந்த விளக்கு, அம்மீட்டர் என்ன காட்டியது, ஏதாவது தட்டும் சத்தம் கேட்டதா, கடைசியில் எதைச் செய்தபோது பச்சை வந்தது. விமானத்தை ஜாக்கில் தூக்கிக் கியரை மடக்கி இறக்கிப் பார்க்கும்போது பல கோளாறுகள் எட்டிப் பார்க்காது. ஜாக்கில் எதிர்காற்று கிடையாது, குளிர் கிடையாது, குலுக்கலும் கிடையாது. பத்து முறை ஒழுங்காக மடங்கி இறங்குகிற கியரை வைத்துக்கொண்டு மெக்கானிக்குக் கையில் இருக்கும் ஒரே துப்பு நீங்கள் எழுதிய அந்தத் தாள்தான். அவர் சாதாரண முறையில் இறக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவசர லீவரை வைத்தும் இறக்கிப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டு லாக்புக்கை வாங்குங்கள்.